ஒரு பானை, ஆறு ஊர்ச் சண்டை

மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று மலர்க் குழுவிலிருந்து ஃபோன் வந்தபோது, "டிரான்ஸ்ஃபார்மர் பராமரிப்பு பற்றி எழுதட்டுமா?" என்று கேட்டேன். மறுமுனையில் சற்று நேரம் சத்தமே இல்லை. பிறகு, "சரித்திரம் மாதிரி ஏதாவது இருந்தால் எழுதேன், பொங்கல் சமயத்தில்தானே மலர் வருகிறது" என்றார்கள். சரித்திரத்துக்கும் எனக்கும் பத்தாம் வகுப்போடு உறவு முறிந்துவிட்டது. ஆனால் பொங்கல் என்றதும் நம் ஹாஸ்டலில் நடந்த ஒரு சண்டை ஞாபகம் வந்தது. அதிலிருந்தே ஆரம்பிக்கிறேன். அன்று உடனிருந்தவர்கள் படித்தால் பெயர்களை நான் போடாததற்கு நன்றி சொல்லுங்கள்.

மூன்றாம் வருஷம். பொங்கல் லீவு விடுவதற்கு முந்தின நாள் ஹாஸ்டல் பின்புறம் பொங்கல் வைப்பதாக ஏற்பாடு. மெஸ் மாஸ்டர் செங்கல் அடுக்கி, பானை கொண்டுவந்து வைத்துவிட்டு, "என்னென்ன வேணும், லிஸ்ட் கொடுங்கப்பா" என்றார். அவ்வளவுதான்.

"மஞ்சக் கொத்தும் இஞ்சிக் கொத்தும் பானைக் கழுத்துல கட்டணும்டா. அது இல்லாம என்ன பொங்கல்?" என்றான் மாயவரத்துக்காரன். காங்கயத்து நண்பன், "பூளைப்பூவும் ஆவாரம்பூவும் வேணுமுங்க. அப்புறம் இது வாசல் பொங்கல்தானுங்க, நெசமான பொங்கல் மறுநாள் பட்டியில" என்றான். "பனங்கிழங்கு இல்லாம பொங்கலா? என்னலே சொல்லுத?" என்று எகிறியது அடியேன். மெட்ராஸ்காரன், போகிக்கு மேளம் வாங்கவில்லையே என்று வருத்தப்பட்டான். நாட்டரசன்கோட்டைக்காரன், எங்களுக்குச் செவ்வாய்க்கிழமைதான் பொங்கல் என்று சொல்லிவிட்டு ஒதுங்கி உட்கார்ந்தான். கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து வந்தவன்தான் எல்லாரையும் தூக்கிச் சாப்பிட்டான். "எங்க பக்கம் இஞ்சினியருக்குப் பொங்கல் வைப்பாய்ங்க மாப்ள" என்றான். பொய் சொல்கிறான் என்று நினைத்து அவனை அன்றிரவு முழுக்க ஓட்டினோம்.

கடைசியில் ஒரு கட்டுக் கரும்பும் அரை கிலோ முந்திரியும் வாங்கி சமாதானமானோம். பொங்கல் அடிப்பிடித்துவிட்டது. தீர்மானமாகாத அந்தச் சண்டை மட்டும் என் மண்டையில் தங்கிவிட்டது. பிறகு வேலைக்குப் போய், சப்-ஸ்டேஷன் சப்-ஸ்டேஷனாக ஜில்லா ஜில்லாவாகச் சுற்றியதில், அவரவர் ஊரில் பொங்கலைப் பார்க்கும் வாய்ப்பு கிடைத்தது. கொஞ்சம் படிக்கவும் செய்தேன். அந்த ஆறு பேரும் சொன்னது சரிதான் என்று இப்போது சொல்வேன்.

முதலில் என் கட்சியைச் சொல்கிறேன். நான் ஸ்ரீவைகுண்டம் பக்கம், தாமிரபரணிக் கரை. "பொங்கல் உழவர் திருநாள், அறுவடைத் திருநாள்" என்று பள்ளிக்கூடத்தில் பத்து வருஷம் கட்டுரை எழுதி மார்க் வாங்கியிருக்கிறேன். ஆனால் எங்கள் ஊர் வயலில் பொங்கலன்று என்ன இருக்கும் தெரியுமா? பச்சைப் பயிர். தாமிரபரணிப் பாசனத்தில் காலங்காலமாக இரண்டு போகம், காரும் பிசானமும். கார் நெல் தென்மேற்குப் பருவமழையை நம்பி ஆனி வாக்கில் ஆரம்பித்துப் புரட்டாசியில் அறுப்புக்கு வரும். பிசானம் ஐப்பசி மழையில் தொடங்கி மாசி, பங்குனியில்தான் அறுவடை. ஆகத் தை ஒன்றாம் தேதி எங்கள் வயலில் அறுக்க ஒரு கதிர்கூட இருக்காது. இத்தனை வருஷம் அதைக் கண்ணால் பார்த்துக்கொண்டே அறுவடைத் திருநாள் என்று எழுதியிருக்கிறேன்!

அப்படியானால் எங்கள் ஊர்ப் பொங்கலில் எது புதுசு? கிழங்குகள். சேனை, சேம்பு, சிறுகிழங்கு, சர்க்கரைவள்ளி எல்லாம் தையில்தான் கடைத்தெருவுக்கு மலையாக வந்து குவியும். எல்லாவற்றுக்கும் மேல் பனங்கிழங்கு. ஆடி, ஆவணியில் பனம்பழம் விழும்; கொட்டைகளைப் பொறுக்கி மணலில் பாத்தி கட்டிப் புதைத்தால், முளைவிட்டுக் கிழங்காகி, மார்கழிக் கடைசியில் தோண்டும் பதத்துக்கு வரும். அடுப்பெரிக்கக் காய்ந்த பனை ஓலை. பானை வைக்க, வீட்டிலேயே மண்ணைக் குழைத்துச் செய்து, காயவைத்து, வெள்ளையும் காவியும் அடித்த அடுப்புக்கட்டிகள். கல்யாணமான பெண்ணுக்குக் கொண்டுபோகும் பொங்கல்படியிலும் அந்தக் கிழங்கு உண்டு. ஆற்றுப் பாசனத்தில் நெல்லும், அதைத் தாண்டினால் தேரியில் பனையும் இருக்கிற பூமியில், தை மாதம் தன்னிடம் எது தயாரோ அதை மண் கொடுக்கிறது. இன்னும் தெற்கே கன்னியாகுமரிப் பக்கம் போனால், புதுக்கதிர் வழிபாடே தையில் கிடையாது. ஆடி மாதத்தில் கோயில்களில் நிறைபுத்தரி என்று நடக்கிறது. அங்கே கதிர் அப்போதுதான் கிடைத்தது.

பாடப்புத்தகப் பொங்கல் எந்த ஊருக்குப் பொருந்தும் என்றால், மாயவரத்துக்காரன் ஊருக்குத்தான். காவிரி டெல்டாவின் சம்பா, ஆவணி புரட்டாசியில் நட்டுத் தையில் அறுப்பது. மஞ்சள் கொத்தும் அப்படித்தான். வைகாசி ஆனியில் நட்ட மஞ்சள் எட்டு ஒன்பது மாசப் பயிர். பொங்கலின்போது இலை பச்சையாக இருக்கும், கீழே கிழங்கும் திரண்டிருக்கும். அதனால்தான் செடியோடு பிடுங்கிப் பானையில் கட்ட முடிகிறது. ஒரு மாசம் கழித்து என்றால் இலை காய்ந்துவிடும். மென்று தின்கிற அந்தக் கருஞ்சிவப்புப் பன்னீர்க் கரும்பும் பொங்கலைக் கணக்குப் பண்ணிச் சித்திரை வாக்கில் நடுவது. மறுநாள் பெண்கள் ஆற்றங்கரையில் மஞ்சள் இலை விரித்து, உடன்பிறந்தான்மார் நன்றாக இருக்க வேண்டும் என்று வண்ண வண்ணச் சோற்றுருண்டைகளைப் பறவைகளுக்கு வைக்கிற கனுப்பிடியும் அந்தப் பக்கம் விசேஷம். அந்த டெல்டாவுக்கு நடுவில்தான், ஆடுதுறைக்குப் பக்கத்தில், முதலாம் குலோத்துங்க சோழன் காலத்தில் எழுந்த சூரியனார் கோயிலும் இருக்கிறது.

ஆனால் இந்தச் சம்பாக் கணக்கும் ஒரு மதகைப் பொறுத்தது. மேட்டூர் அணை 1934-ல் வந்தபின் டெல்டாவின் வருஷம் ஜூன் 12-ல் தொடங்குகிறது. அன்றுதான் தண்ணீர் திறக்கும் வழக்கம். 2012 முதல் 2019 வரை எட்டு வருஷம் தொடர்ந்து அந்தத் தேதியில் திறக்க முடியவில்லை. தண்ணீர் தள்ளிப்போனால் நடவு தள்ளிப்போகும், அறுவடை மாசிக்குப் போகும். 2017 ஜனவரி 10-ம் தேதி தமிழ்நாடு முழுவதையுமே வறட்சி பாதித்ததாக அரசு அறிவித்தது. அந்தப் பொங்கலுக்கு மாயவரத்து நண்பனுக்கு ஃபோன் செய்தேன். "அப்பா புதுப்பானை வாங்கலைடா. கடையில அரிசி வாங்கிப் பொங்கறதுக்குப் புதுப்பானை எதுக்குன்னுட்டாரு" என்றான். அவனோடு ஹாஸ்டலில் போட்ட சண்டைக்காக அன்று கொஞ்சம் வெட்கமாக இருந்தது.

அதே மாதம், அதே வாரம்தான் மெரினாவில் ஜல்லிக்கட்டுக்காக லட்சக்கணக்கானவர்கள் கூடினார்கள். நம்மில் பலரும் ஆபீசிலிருந்து நேரே போயிருக்கிறோம். 2014 மே மாதம் உச்ச நீதிமன்றம் தடை விதித்தது, 2017-ல் சட்டத் திருத்தம் வந்தது, 2023 மே 18-ல் அரசியல் சாசன அமர்வு அந்தத் திருத்தம் செல்லும் என்றது. இதைப் பற்றி எழுதாதவர்களே இல்லை என்பதால் நான் நகர்கிறேன். ஒன்றே ஒன்று: தை 1 அவனியாபுரம், தை 2 பாலமேடு, தை 3 அலங்காநல்லூர் என்று அதற்கென்று ஒரு கால அட்டவணை இருக்கிறது. மதுரைக்காரர்களுக்குப் பொங்கல் தேதி என்றால் அதுதான்.

காங்கயத்துக்காரன் சொன்ன "நெசமான பொங்கல்" எனக்குப் புரியப் பல வருஷமானது. கொங்கு நாடு மேட்டுக்காடு. கம்பு, சோளம், கிணற்றுப் பாசனம், வேலி போட்ட கொறங்காட்டில் மேயும் மாடுகள். நெல் குறைவு. கிணற்றிலிருந்து கவலை இழுத்துத் தண்ணீர் தந்தது மாடு. உழுதது மாடு. விற்றால் காசானதும் மாடு. அப்படிப்பட்ட ஊரில் பெரிய பொங்கல் எங்கே வைப்பார்கள்? மாட்டுப் பட்டியில்தான். போகியன்றே வீட்டு எறவானத்திலும் பட்டியிலும் காட்டிலும் பூளைப்பூ, ஆவாரம்பூ, வேப்பிலை சேர்த்துக் காப்புக் கட்டிவிடுவார்கள். பட்டிப்பொங்கலன்று சாணியும் மண்ணும் கொண்டு கரை கட்டிச் சின்னதாக ஒரு தெப்பக்குளம் செய்து, நீர் விட்டு, கன்றை அதன்மேல் மிதித்துத் தாண்டவிடுவார்கள். நான் பார்த்த வீட்டில் கன்று முரண்டு பிடித்து, பெரியவர் ஒருவரைக் குளத்தில் உட்காரவைத்தது. அதற்கடுத்து பூப்பறிக்கிற நோன்பு. பெண்பிள்ளைகள் கூட்டமாகப் போய் ஆவாரம்பூ பறித்துக் கும்மியடித்துத் திரும்புவார்கள். மஞ்சள் மஞ்சளாக ஆவாரை பூத்துக் கிடக்கிற பருவம் அது. உடுமலைப்பேட்டைப் பக்கம் சோமவாரப்பட்டி ஆல்கொண்டமால் கோயிலுக்குப் பொங்கல் சமயத்தில் போனால், மாடு கன்று நன்றாக இருக்க வேண்டிக்கொண்டு மண்ணால் செய்த மாட்டு உருவங்களைக் குவித்திருப்பதைப் பார்க்கலாம்.

இந்த மாட்டுக் கதையில் நம் துறைக்கும் ஒரு பங்கு உண்டு. 1930-களில் பைக்காரா மின்சாரம் கோயமுத்தூர் ஜில்லாவுக்கு வந்தது. மில்லுக்கு வந்த கரண்ட் கிணற்றடிக்கும் வந்து, பம்பு செட் பெருகப் பெருகக் கவலை மாட்டுக்கு வேலை குறைந்தது. 1950-களில் கீழ்பவானி வாய்க்கால் வந்தபின் மேட்டுக்காட்டின் ஒரு பகுதி நஞ்சையானது. பிறகு டிராக்டர். இன்று பட்டியே இல்லாத வீட்டில், கார் ஷெட்டில் நாலடிக்கு நாலடி சாணி மெழுகிப் பட்டிப்பொங்கல் வைக்கிறார்கள். கன்றைப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஓட்டி வருகிறார்கள். சிரிக்க வேண்டாம். எனக்கு அது பிடித்திருக்கிறது.

இப்போது கம்பத்துக்காரனிடம் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்க வேண்டும். அவன் சொன்னது சத்தியமான உண்மை. 1895-ல் முல்லைப் பெரியாறு அணை முடிந்து, மேற்கே கடலுக்குப் போய்க்கொண்டிருந்த தண்ணீர் மலையைக் குடைந்த சுரங்கம் வழியாகக் கிழக்கே வைகைப் படுகைக்குத் திரும்பியது. அதைக் கட்டிய ஜான் பென்னிகுயிக் பிறந்தது 1841 ஜனவரி 15. பொங்கலை ஒட்டிய தேதி! தேனி மாவட்டம் பாலார்பட்டியில் அவர் படத்துக்கு முன்னால் பொங்கல் வைக்கிறார்கள். லோயர் கேம்ப்பில் 2013 ஜனவரி 15-ல் மணிமண்டபமும் திறந்தாயிற்று. நம் தொழிலில் வேலை முடிந்தபின் வந்து சேர்வது பெரும்பாலும் ஆடிட் அப்ஜெக்‌ஷன்தான். ஒரு இஞ்சினியருக்கு நூறு வருஷம் கழித்தும் பானை பொங்குகிறது என்றால், சிவில் டிபார்ட்மென்ட் நண்பர்கள் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ளலாம்.

நாட்டரசன்கோட்டைக்காரன் ஒதுங்கி உட்கார்ந்ததற்கும் காரணம் இருந்தது. அங்கே நகரத்தார்கள் தைப்பொங்கலுக்குப் பிறகு வரும் முதல் செவ்வாய்க்கிழமை, கண்ணுடைய நாயகி அம்மன் கோயில் முன்னால் செவ்வாய்ப் பொங்கல் வைக்கிறார்கள். கல்யாணமான ஒவ்வொரு குடும்பமும் ஒரு புள்ளி. ஒரு புள்ளிக்கு ஒரு பானை. யார் முதல் பானை என்பதைச் சீட்டுக் குலுக்கி எடுப்பார்கள். கடல் கடந்து வியாபாரம் செய்த சமூகம் அல்லவா! ஆஜர் கணக்கும் ஆயிற்று, சாமி கும்பிட்டதும் ஆயிற்று, பெண் மாப்பிள்ளை பார்த்ததும் ஆயிற்று. வயல் சம்பந்தம் துளியும் இல்லாத பொங்கல் இது. ஆனாலும் வெளிநாட்டிலிருந்துகூட இதற்கென்று வந்துவிடுகிறார்கள்.

மெட்ராஸ்காரனை விட்டுவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். அவனுடைய போகி மேளமும் காணும் பொங்கல் மெரினாக் கூட்டமும் அசல் வழக்கங்கள்தாம். டயர் கொளுத்துவதை மட்டும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். 2018 போகியன்று புகைமூட்டத்தில் சென்னையில் விமானங்களே இறங்க முடியாமல் போயிற்று.

சரி, பானைக்கு வெளியே இத்தனை வித்தியாசம். எல்லாருக்கும் பொது என்று இருப்பது தலைக்கு மேலே சூரியன் ஒன்றுதான். அதுவாவது நிலையாக இருக்கிறதா என்று பார்த்தால், அதிலும் ஒரு கணக்கு இருக்கிறது. கால்குலேட்டர் வேண்டாம், மனக்கணக்கே போதும்.

சூரியன் மகர ராசிக்குள் நுழைவது தை முதல் நாள். ராசி என்பது நட்சத்திரங்களை வைத்துக் கணக்கிடுவது. நட்சத்திரப் பின்னணியில் சூரியன் ஒரு சுற்று வர 365 நாள் 6 மணி 9 நிமிஷம் ஆகிறது. நம் ஆங்கிலக் காலண்டரின் சராசரி வருஷமோ 365 நாள் 5 மணி 49 நிமிஷம். வித்தியாசம் வருஷத்துக்கு இருபது நிமிஷம். ஒரு நாளுக்கு 1,440 நிமிஷம், வகுத்தால் 72. அதாவது சுமார் 72 வருஷத்துக்கு ஒரு நாள் பொங்கல் முன்னே நகர்கிறது. நம்பாதவர்களுக்கு ஒரு சாட்சி: சுவாமி விவேகானந்தர் பிறந்தது ஒரு மகர சங்கராந்தியன்று. தேதி, 1863 ஜனவரி 12. நம் அப்பாக்களுக்குப் பொங்கல் என்றால் ஜனவரி 14. 2023-லும் 2024-லும் நமக்கு 15-ம் தேதி வந்தது. பேரன் பேத்திகள் காலத்தில் 16-ம் தேதி வரத் தொடங்கிவிடும். (வாக்கியமா, திருக்கணிதமா என்ற சண்டைக்குள் நான் போகவில்லை. வீட்டில் மாமனார் இருக்கிறார்.)

இதையே பின்னோக்கி ஓட்டினால் சுவாரஸ்யம். சூரியன் வடக்கே திரும்புகிற உத்தராயணத் தொடக்கம் என்று பொங்கலைச் சொல்கிறோம். உண்மையில் சூரியன் திரும்புவது டிசம்பர் 21, 22-ல். பொங்கல் வருவதற்குள் அது வடக்கே மூன்று வாரத்துக்கு மேல் நடந்துவிட்டது. இரண்டும் ஒரே நாளில் விழுந்தது சுமார் 1,700 வருஷத்துக்கு முன்னால். மேக்நாத் சாகா தலைமையிலான பஞ்சாங்கச் சீர்திருத்தக் குழு 1955-ல் கொடுத்த அறிக்கையின் கணக்குப்படி கி.பி. 285. நற்றிணையில் பெண்கள் தை மாதத்துக் குளிர்ந்த நீரில் நோன்பிருந்து நீராடுவது வருகிறது அல்லவா? அந்தத் தையும் நம் தையும் ஒரே பெயர்தான். ஆனால் குளிரில் மூன்று வாரமாவது வித்தியாசம் இருந்திருக்க வேண்டாமா என்று பல் நடுங்கக் குளிக்கும்போது யோசித்திருக்கிறேன்.

வானம் 72 வருஷத்துக்கு ஒரு நாள் நகர்ந்தது. தரையில் அதே 72 வருஷத்துக்குள் அணை, பம்பு, டிராக்டர், குறுகிய கால நெல், ரேஷன் கடைப் பச்சரிசி, கரும்பு எல்லாம் வந்துவிட்டன. எதையும் குறையாகச் சொல்லவில்லை, அதில் பாதி நம் கைவேலை. ஆனால் சென்ற வருஷம் நம் கல்லூரிக்கு ஒரு வேலையாக வந்தபோது பொங்கல் விழா நடந்துகொண்டிருந்தது. எல்லாரும் ஒரே நிற வேட்டி சேலை, ஒரே மாதிரிக் கோலம், உறியடி, ஒரு பானை, இரண்டு பக்கமும் கரும்பு. மிக அழகாக இருந்தது. பக்கத்தில் நின்ற ஒரு முதல் வருஷப் பையனிடம், "தம்பி, எந்த ஊரு?" என்றேன். ஏரல் என்றான். எனக்கு அடுத்த ஊர்! "பனங்கிழங்கு வைக்கலையா?" என்றேன். "அது வீட்டுலதான் அண்ணே. இங்க வச்சா சிரிப்பாங்க" என்றான். எங்கள் காலத்தில் சிரித்தோம், ஆனால் எல்லாரும் எல்லாரையும் பார்த்துச் சிரித்தோம்.

இத்தனை பேசுகிறேனே, என் லட்சணத்தையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் பக்கம் சிறுவீட்டுப் பொங்கல் என்று ஒன்று உண்டு. மார்கழி முழுக்கப் பெண்பிள்ளைகள் விடிகாலையில் கோலத்தின் நடுவே சாணிப் பிள்ளையார் பிடித்துப் பூசணிப்பூ செருகி வைப்பார்கள். வாடிய பூவை அதே சாணியோடு தட்டிக் காயவைத்துச் சேர்த்துக்கொண்டே வருவார்கள். தையில் ஒரு நாள், முற்றத்தில் மண்ணால் கட்டிய சின்ன வீட்டில் அவர்களே பொங்கல் வைத்து, அந்தப் பூவறட்டிகளைத் தாமிரபரணியில் கொண்டுபோய் விடுவார்கள். சிறுவீடு கட்டுவது எங்கள் வீட்டில் ஆச்சியின் வேலை. அடுக்களை, பட்டாசல், வாசல்படி எல்லாம் வைத்து, இரண்டு முழத்துக்கு ஒரு முழம் இருக்கும். மண் குழைப்பது நான். 2019-ல் ஆச்சி போய்விட்டார்கள்.

என் பெண்ணுக்கு இப்போது ஆறு வயசு. சென்னையில் மூன்றாவது மாடி. போன ஐப்பசியில் அம்மா ஃபோனில், "இப்பமே பூசணி வெதையப் போடு, அப்பந்தான் மார்கழிக்குப் பூக்கும்" என்று சொன்னதை மறந்து, கார்த்திகைக் கடைசியில் மொட்டை மாடியில் பையில் விதை போட்டேன். பொங்கல் முடிந்து பத்து நாள் கழித்துப் பூத்தது. ஜனவரி 26 லீவு என்பதால் அன்று சிறுவீட்டுப் பொங்கல் என்று முடிவாயிற்று. அம்மாவும் சித்தியும் ஊரிலிருந்து வந்தார்கள். மண் குழைத்து உட்கார்ந்தபிறகுதான் தெரிந்தது, சிறுவீட்டுக்கு வாசல் எந்தப் பக்கம் என்று ஒருவருக்கும் நிச்சயமில்லை. அம்மா கிழக்கு என்றாள். சித்தி, இல்லவே இல்லை, அத்தை வடக்கேதான் வைப்பார்கள் என்றாள். நான் இதுவரை வேலை பார்த்த ஒவ்வொரு சப்-ஸ்டேஷனுக்கும் லே-அவுட் டிராயிங் என் கம்ப்யூட்டரில் இருக்கிறது. வருஷா வருஷம் மண் குழைத்துக் கொடுத்த அந்த வீட்டுக்கு ஒரு படம்கூட இல்லை.

கடைசியில் வாசல் லிஃப்ட் பக்கம் பார்த்து அமைந்தது. பெண் பனங்கிழங்கைத் தின்றுவிட்டு நார் பல்லில் மாட்டிக்கொண்டு அழுதாள். பூவறட்டிகள் நாலே நாலு. அவற்றை ஊருக்குப் போகும்போது ஆற்றில் விடுவதாகச் சொல்லிப் பையில் எடுத்துவைத்திருக்கிறாள்.

நம் பழைய மாணவர்களில் தாமிரபரணிக் கரைக்காரர்கள் நிறையப் பேர் இருக்கிறீர்கள். உங்கள் வீட்டுச் சிறுவீட்டுக்கு வாசல் எந்தப் பக்கம் என்று ஆச்சிகளிடம் கேட்டு, மலர்க் குழு வழியாக எனக்குத் தெரிவிக்கவும். மார்கழிக்கு முன்னால் கிடைத்தால் உபகாரமாக இருக்கும்.